ஒரு பக்க சைனஸ்: பல்லை ஸ்கேன் எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: எனக்கு 47 வயது. ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். எட்டு மாதமாக வலது பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறது. தொண்டைக்குள் சளி இறங்குகிறது, அதில் கெட்ட வாடை வேறு. பக்கத்தில் உட்கார்ந்து பேசவே கூச்சமாக இருக்கிறது. ஈ.என்.டி. டாக்டர் இரண்டு மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார். சாப்பிடும்போது குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது சி.டி. எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இதற்கிடையில் பல் சுத்தம் செய்யப் போனேன். ஐந்து வருடம் முன்பு வலது மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் செய்து கேப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்த பல் டாக்டர் சின்ன எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, த்ரீ-டி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். அந்தப் பல்லில் வலியே கிடையாது. மூக்கில் இருக்கும் தொல்லைக்குப் பல்லை ஏன் ஸ்கேன் எடுக்க வேண்டும்? காசு பார்க்கும் வேலையா? கதிர்வீச்சு அதிகம் என்று அண்ணி பயமுறுத்துகிறார். கடைசியில் பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்றும் பயம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் 15 வயது மகனுக்கும் சைனஸ் உண்டு. எடுப்பதாக இருந்தால் அவனுக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது "வலது பக்கம் மட்டும்" என்பதுதான். தூசி ஒவ்வாமை, பனிக்காலத்துச் சளி, சாதாரண சைனஸ் தொல்லை எல்லாம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாமல் இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு தனிக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு கெட்ட வாடை, மருந்தை நிறுத்தியதும் திரும்பி வருவது, அதே பக்கத்தில் பழைய ரூட் கேனல் எல்லாம் சேர்ந்திருக்கிறது. உங்கள் பல் டாக்டர் இடத்தில் நான் இருந்தாலும் இதே ஸ்கேனைத்தான் கேட்டிருப்பேன். அதனால் காசு பார்க்கும் வேலை என்ற சந்தேகத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம்.

மூக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? கன்ன எலும்புக்குள், மூக்கின் இரு பக்கமும், காற்று நிரம்பிய இரண்டு பெரிய அறைகள் உண்டு. மேல்தாடை சைனஸ் என்பது அதுதான். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 15 மில்லி கொள்ளும். அதன் தரைக்கு நேர் கீழே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. பலருக்கு வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய எலும்புதான் இருக்கும். சிலருக்கு அதுகூட இல்லை, வேர் நுனியை சைனஸின் சவ்வு மட்டும் மூடியிருக்கும். வேர் நுனியில் சீழ் பிடித்தால் அது கீழே ஈறுக்கு வருவதைவிட மேலே சைனஸுக்குள் போவது சுலபம். உங்களுக்கு வலி இல்லாததற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம். எலும்புக்குள் அடைபட்ட சீழ்தான் அழுத்தி வலிக்கும். போக வழி கிடைத்துவிட்டால் பல் அமைதியாக இருக்கும், மூக்குதான் அவதிப்படும். ரூட் கேனல் செய்த பல்லில் உயிர் நரம்பும் இல்லை என்பதால் கூச்சம்கூடத் தெரியாது. "வலியே இல்லை, அதனால் பல் நன்றாக இருக்கிறது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இதில் இன்னொரு சிக்கல், சைனஸ் காலியாகும் துவாரம் இருக்கும் இடம். தண்ணீர்த் தொட்டியில் கழிவுக் குழாயை அடியில் வைக்காமல் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தது மாதிரி அமைப்பு. உள்ளே சுரக்கும் சளியை மெல்லிய நுண்ரோமங்கள்தான் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றுகின்றன. கீழிருந்து பல்லின் கிருமிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் சவ்வு வீங்கும், நுண்ரோமங்கள் சோர்ந்துபோகும், துவாரம் அடைபடும். அப்புறம் தேங்கியது நாறத்தான் செய்யும். பல்லிலிருந்து வருவதில் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமிகள், அந்த வாடை அவற்றுடையது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1651இல் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் இந்த அறையை விவரமாக எழுதினார். அவர் சொல்லும் நோயாளி ஒரு பெண். மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிய குழி வழியே விடாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பெண்ணே ஒரு வெள்ளிக் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க, அது கண்ணுக்குப் பக்கம் வரைக்கும் போனதும் பயந்துவிட்டார். பல்லிலிருந்து வரும் சைனஸ் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பேருக்குத்தான் என்று பழைய பாடநூல்கள் எழுதின. ஆனால் ஒரு பக்க சைனஸ் மட்டும் அடைத்தவர்களை சி.டி.யில் ஆராய்ந்த சமீபத்திய ஆய்வுகள் பலவற்றில் பாதிப் பேர் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் மேலாக, காரணம் பல்தான் என்று வந்திருக்கிறது.

சரி, சின்ன எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? மேல் கடைவாய்ப் பல்லுக்கு பெரும்பாலும் மூன்று வேர்கள். தட்டையான படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அவற்றின்மேல் கன்ன எலும்பின் நிழல், சைனஸ் தரையின் கோடு எல்லாம் படியும். எலும்பின் உள்பகுதியில் மட்டும் அரிப்பு இருந்து, கெட்டியான மேல் ஓடு கரையாமல் இருந்தால் படத்தில் எதுவும் தெரியாமலே போகலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மேல் கடைவாய்ப் பற்களை இரண்டு முறையிலும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். முப்பரிமாண ஸ்கேனில் தெரிந்த வேர் நுனிப் புண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சின்ன எக்ஸ்ரேயில் தெரியவே இல்லை. வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படமும் உங்கள் கேள்விக்குப் போதாது. அதில் அண்ணத்தின் நிழல் சரியாக அந்த இடத்தில்தான் குறுக்கே ஓடும்.

உங்கள் பல் டாக்டர் சொல்லும் த்ரீ-டி ஸ்கேனுக்குப் பெயர் சி.பி.சி.டி. கூம்பு வடிவில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சியபடி இயந்திரம் தலையை ஒரு சுற்று வரும், அதிலிருந்து கணினி முப்பரிமாணப் படத்தைக் கட்டும். 1990களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல் மருத்துவத்துக்காக உருவானது இது. படத்தை ரொட்டித் துண்டு கனம்கூட இல்லாமல், மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவான துண்டுகளாக எந்தத் திசையிலும் வெட்டிப் பார்க்கலாம்.

உங்கள் படத்தில் நான் முதலில் தேடுவது வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல் இருக்கிறதா, அது சைனஸ் தரையை மேலே தள்ளியிருக்கிறதா, துளைத்தே விட்டதா என்பதை. எலும்பு மெல்லிய குல்லாய் மாதிரி வேர் நுனிக்கு மேல் எழும்பி நிற்பதும் உண்டு. பிறகு சைனஸின் சவ்வு. எங்கே தடித்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பல்லுக்கு நேர் மேலே குவிந்து தடித்திருந்து, இடது சைனஸ் சுத்தமாக இருந்தால் பல் மீது சந்தேகம் வலுக்கிறது. அதற்கப்புறம் பல்லுக்குள் வருவேன். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன் கன்னப்பக்க வேரில், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கால்வாய்கள் இருக்கும். இரண்டாவது மயிரிழை போல இருப்பதால் சிகிச்சையின்போது கண்ணில் படாமல் போவது மிகச் சாதாரணம். செய்தவர் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது, நுண்ணோக்கி இல்லாமல் அதைப் பிடிப்பது கஷ்டம். அடைக்காமல் விட்ட அந்தக் கால்வாய்க்குள் கிருமிகள் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வளரும். குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு வேரில் அடைப்புப் பொருளின் வெள்ளைப் புள்ளி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், இன்னொரு கால்வாய் விட்டுப்போயிருக்கலாம். என் அனுபவத்தில், ரூட் கேனல் செய்த பல்லிலிருந்து வரும் சைனஸுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ரூட் கேனல் அடைப்புப் பொருள் வேர் நுனி தாண்டி சைனஸுக்குள் போயிருக்கிறதா என்றும் பார்ப்பேன். அதைச் சுற்றிப் பூஞ்சைக் கட்டி வளர்வதுண்டு. அடைபட்ட சைனஸின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாத்திரையில் போகாது, ஈ.என்.டி. டாக்டர்தான் சுத்தம் செய்து எடுக்க வேண்டும்.

இந்த ஸ்கேனால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன், சில சென்டர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. எலும்பையும் பல்லையும் இது அருமையாகக் காட்டும், மென்திசுவை அப்படிக் காட்டாது. சைனஸ் முழுக்க மங்கலாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது சீழா, சளியா, சதை வளர்ச்சியா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. உலோகக் கேப் போட்ட பல்லைச் சுற்றிக் கோடுகோடாக நிழல் விழும். வேரில் நீளவாக்கில் மெல்லிய விரிசல் இருந்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவில் தப்பிவிடும். அதனால் ஸ்கேனுக்கு முன் பல் டாக்டர் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தாரா, ஈறு ஆழத்தை அளந்தாரா, பக்கத்துப் பற்களில் குளிர்ச்சி வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இன்னொரு பயம் வரலாம். "சவ்வு லேசாகத் தடித்துள்ளது", "சளி நீர்க்கட்டி" என்று எழுதியிருப்பார்கள். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இந்த இரண்டும் அடிக்கடி தெரிகின்றன. சைனஸ் தரையில் குவிமாடம் போல உருண்டு நிற்கும் அந்த நீர்க்கட்டியைப் பெரும்பாலும் தொடவே வேண்டியதில்லை. படத்தில் தெரிவதை உங்கள் தொல்லையோடு பொருத்திப் பார்த்தால்தான் அது நோய்.

கதிர்வீச்சு பற்றி உங்கள் அண்ணி சொல்வதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு கிடைக்கிறது. அதாவது 2,400 மைக்ரோசீவர்ட், ஒரு நாளைக்கு ஆறு ஏழு. மேல்தாடையை மட்டும் எடுக்கும் சி.பி.சி.டி. இயந்திரத்தையும் பரப்பையும் பொறுத்துப் பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து ஓரிரு நூறு மைக்ரோசீவர்ட் வரை கொடுக்கும். சில நாளிலிருந்து ஒரு மாதம் வரை நீங்கள் சும்மா வாங்கும் அளவு. ஆஸ்பத்திரி சி.டி. வழக்கமான அமைப்பில் எடுத்தால் பொதுவாக இதைவிடக் கூடுதல், குறைந்த அளவில் எடுக்கும் முறையும் இப்போது உண்டு. காரணத்தோடு ஒரு தடவை எடுப்பதற்கு 47 வயதில் பயப்பட வேண்டாம். காரணமே இல்லாமல் எடுப்பது என்றால் ஒரு சின்ன எக்ஸ்ரேகூட வேண்டாம் என்பேன்.

இரண்டு ஸ்கேனும் எடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஈ.என்.டி. டாக்டர் சொன்ன சி.டி. இன்னும் எடுக்கவில்லை என்றால், இரண்டு டாக்டர்களுக்கும் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே ஸ்கேனில் வேலை முடியும். ஒரே ஒரு பல்லுக்கான சின்னப் பரப்பில் சி.பி.சி.டி. எடுத்தால் கால்வாய்கள் மிகத் துல்லியமாகத் தெரியும், ஆனால் சைனஸின் மேல் துவாரம் படத்துக்கு வெளியே போய்விடும். அப்புறம் ஈ.என்.டி. டாக்டர் இன்னொன்று கேட்பார். அதனால் சீட்டு எழுதும்போதே "மேல்தாடை முழுவதும், இரண்டு பக்க சைனஸும், துவாரம் வரை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே சி.டி. எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த ஸ்கேன் பதிவான குறுந்தட்டை அப்படியே பல் டாக்டரிடம் கொண்டு போங்கள். அச்சடித்த பிலிம் மட்டும் போதாது. சி.டி. ரிப்போர்ட்டில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் இருப்பது ரொம்பச் சகஜம். எழுதவில்லை என்பதால் பல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்கேன் நாளன்று வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, ஊசி கிடையாது, குகைக்குள் படுக்க வைப்பதும் கிடையாது. நின்றோ உட்கார்ந்தோ தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்குள் ஆடாமல், எச்சில் விழுங்காமல் இருந்தால் போதும். தோடு, சங்கிலி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூக்குத்தியை முக்கியமாக. பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால் படத்தைக் கெடுக்கும். திருகாணி இறுகிக் கிடந்தால் முந்தின நாளே தட்டாரிடம் போய் இளக்கிக்கொள்ளுங்கள். சென்டரின் இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்காத இடமாகப் பாருங்கள்.

பல்லைப் பிடுங்க வேண்டி வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். விட்டுப்போன கால்வாய்தான் காரணம் என்றால், கேப்பைத் திறந்து மறுபடி ரூட் கேனல் செய்து பல்லைக் காப்பாற்றவே முதலில் முயல வேண்டும். நுண்ணோக்கி வைத்திருக்கும் எண்டோடான்டிஸ்ட், அதாவது ரூட் கேனல் நிபுணர், செய்வது நல்லது. அது பலிக்காவிட்டால் வேர் நுனியை மட்டும் வெட்டி அடைக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. வேர் பிளந்திருந்தாலோ, பல்லைத் தாங்கும் எலும்பு போய்விட்டிருந்தாலோ பிடுங்குவதுதான் சரி. அப்போது வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு என்பதால், அதை அப்போதே தைத்து மூடத் தெரிந்தவரிடம் எடுங்கள். எடுத்த பிறகு இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

பல் சரியானதும் சைனஸ் சவ்வு பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். வேர் நுனி எலும்பு நிரம்ப ஆறு மாதம், ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். ஆகவே அடுத்த மாதமே இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். துவாரம் அடைபட்டே இருந்து தொல்லை நீடித்தால் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் தேவைப்படலாம், அதில் தவறில்லை. தொல்லை ரொம்பக் கடுமையாக இருப்பவர்களுக்கு அதை முதலிலேயே செய்வதும் உண்டு. எப்படியானாலும் பல்லைக் கவனிக்காமல் சைனஸை மட்டும் சுத்தம் செய்தால் கீழிருந்து கிருமி வருவது நிற்காது. பல் மட்டும் போதும் என்று நினைத்து ஈ.என்.டி. டாக்டரை விட்டுவிடுவதும் சரியல்ல. சைனஸில் சீழ் இருப்பதை மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து அவர்தான் உறுதி செய்ய வேண்டும். 2021இல் பல நாட்டு ஈ.என்.டி. நிபுணர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த கருத்தும், இரு தரப்பும் பார்த்தால்தான் இந்த நோயை உறுதி செய்ய முடியும் என்கிறது. இடைப்பட்ட காலத்தில் நீங்களாக மருந்துக்கடையில் நான்காவது தடவை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆவி பிடிப்பது இதமாக இருந்தால் பிடிக்கலாம், பல்லில் உள்ளதை அது தொடாது.

சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையை ஸ்கேனுக்கு முன்பே செய்துகொள்ளுங்கள், அது ஏறியிருந்தால் எந்தச் சிகிச்சையும் மெதுவாகத்தான் ஆறும். கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021இல், கறுப்புப் பூஞ்சை பலரைத் தாக்கியது நினைவிருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. உங்களுக்கு அது இருப்பதாக நான் சொல்லவில்லை, எட்டு மாதமாக நிதானமாக இருக்கும் தொல்லை அந்த வகையாகத் தோன்றவில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கன்னம் மரத்துப்போவது, அண்ணத்திலோ மூக்கிலோ கறுப்பாகப் படிவது, நல்ல பற்கள் திடீரென்று ஆடுவது, சளியில் திரும்பத் திரும்ப ரத்தம் இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பக்க அடைப்புக்குப் பின்னால் அரிதாகக் கட்டியும் இருக்கலாம், எலும்பு அரித்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மகனுக்கு வேண்டாம். 15 வயதில் இரண்டு மூக்கும் மாறி மாறி அடைத்து, தும்மலும் அரிப்பும் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்கு எந்த ஸ்கேனும் தேவையில்லை, ஈ.என்.டி. டாக்டர் மூக்கைப் பார்த்தே மருந்து கொடுத்துவிடுவார். வளரும் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சை இன்னும் சிக்கனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். அவனுக்கும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தையும் இருக்கிறது என்றால் மட்டும் ஒரு பல் டாக்டரிடம் வாயைக் காட்டச் சொல்லுங்கள். அவர் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.